ஹுர்ஷித் கற்ற பருப்புப் பின்னல்

கால் எலும்பு முறிந்து மினிபஸ்ஸின் பின் சீட்டில் நீட்டிப் படுத்திருந்தபோதும், தனக்குக் கட்டுப் போட்டுக்கொண்டிருந்த பெண்ணின் ஸ்வெட்டரை விட்டு நதிரேயின் கண் நகரவில்லை.

வீட்டுக்குப் பின்னாலிருந்த சரிவில் கறுப்புக் கோஸ் இலை பறிக்கப் போனவள் மழை ஈரத்தில் வழுக்கி, வேலி வரைக்கும் உருண்டு போயிருந்தாள். அவள் புருஷன் ஹுர்ஷித் கடலோரத்துப் புலான்ஜக் ஊருக்கும் கிரேசுன் நகரத்துக்கும் இடையே மினிபஸ் ஓட்டுகிறவன். சத்தம் கேட்டபோது வண்டியோடு அந்தப் பக்கமாகத்தான் வந்துகொண்டிருந்தான். ஆம்புலன்ஸ் வரும்வரை காத்திருக்க அவனுக்குப் பொறுமை இல்லை. நாலு பேர் பிடித்துத் தூக்கி அவளை வண்டியில் கிடத்தினார்கள். ஏற்கெனவே உட்கார்ந்திருந்த பயணிகள் யாரும் இறங்கவில்லை. ஆஸ்பத்திரி வழியில்தானே என்று கூடவே வந்தார்கள், ஆளுக்கொரு வைத்தியமும் சொன்னார்கள். அவர்களில் ஒரு பெண் மட்டும் வாய் பேசாமல் எழுந்து வந்து, தன் குடையை மடக்கி நதிரேயின் காலோடு சேர்த்து வைத்து, தலைக்குட்டையால் இறுக்கிக் கட்டினார்.

"ரொம்ப வலிக்குதா?" என்று ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே ஹுர்ஷித் கத்தினான்.

"வலி கெடக்கு! இந்த அக்கா போட்டிருக்கிற கையில்லாத ஸ்வெட்டரைப் பார்த்தியா? மேல பூரா நம்ம தோட்டத்து ஹேசல் பருப்பு மாதிரி உருண்டை உருண்டையா முழிச்சுக்கிட்டு நிக்குது. எப்படித்தான் போட்டாங்களோ!"

ஹுர்ஷித் வண்டியின் வேகத்தைக் கூட்டினான். ஆஸ்பத்திரியில் டாக்டரிடம் முதல் வார்த்தையாக, "காலை அப்புறம் பாருங்க, முதல்ல தலையைப் பாருங்க" என்றான்.

தலைக்கு ஒன்றுமில்லை. கால்தான் இரண்டு இடத்தில் முறிந்திருந்தது. தொடை வரைக்கும் மாவுக்கட்டுப் போட்டு, ஆறு வாரம் கீழே வைக்கக் கூடாது என்று சொல்லி அனுப்பினார்கள்.

நதிரே உட்கார்ந்து பழகாதவள். ஹேசல் பருப்புத் தோட்டம், ஆடு, கோழி, அக்கம்பக்கத்து வீடுகளின் கல்யாணம், கருமாதி என்று சதா ஓடிக்கொண்டே இருப்பாள். ஓடிக்கொண்டே திட்டவும் செய்வாள். இருபத்து நாலு வருஷமாக அந்த வீட்டில் அன்பு என்பது பெரும்பாலும் திட்டாகத்தான் வந்து போய்க்கொண்டிருந்தது. "செருப்பை எங்கே கழட்டிப் போட்டிருக்கே, உன் கண்ணு என்ன பொடனியிலயா இருக்கு?" என்று அவள் கேட்டால், சாப்பாடு தயார், உள்ளே வா என்று அர்த்தம். அது ஹுர்ஷித்துக்குத் தெரியும்.

முதல் வாரம் பார்க்க வந்தவர்களால் வீடு நிறைந்திருந்தது. இரண்டாவது வாரம் யாரும் வரவில்லை. அப்போதுதான் அவள் திட்டுவது நின்றது. ஹுர்ஷித் நெத்திலி வாங்கி வந்து, தலையைச் சரியாகக் கிள்ளாமல், மணலைச் சரியாகக் கழுவாமல், சோள மாவில் புரட்டிப் பொரித்து வைத்தான். நறநறவென்று கடிபட்டது. அவள் ஒன்றும் சொல்லாமல் தின்றாள். அடுப்பெரிக்க ஹேசல் பருப்பின் ஓடுகளைப் போட்டுப் புகைய விட்டான், அதற்கும் ஒன்றும் சொல்லவில்லை. சன்னலுக்கு வெளியே கடலைப் பார்த்தபடி இருந்தாள். அங்காராவில் வேலை பார்க்கும் மகள் போனில் கூப்பிட்டபோதும், "இருக்கேன்" என்று ஒரே வார்த்தையில் முடித்துக்கொண்டாள். ஹுர்ஷித் வண்டி ஓட்டும்போதெல்லாம் அந்த 'இருக்கேன்' அவன் காதில் கேட்டுக்கொண்டே இருந்தது.

ஒரு சாயங்காலம் அவன் வீட்டுக்குள் நுழைந்தபோது அவள் மடியில் வெள்ளைக் கம்பளி நூல் குவிந்து கிடந்தது. கையில் குரோஷா ஊசி. சுற்றிலும் உள்ளங்கையளவுத் துண்டுகள், பின்னியதும் பிரித்ததுமாக.

"இது என்ன?" என்று ஒரு துண்டை எடுத்துப் பார்த்தான்.

"அதைத்தான் நானும் கேக்குறேன். அந்த அக்கா ஸ்வெட்டர்ல இருந்தது கெட்டியா, தொட்டா உருளும்போல இருந்துச்சு. நான் போட்டா வெந்த மொச்சை மாதிரி சப்புனு படுத்துக்குது. ஒரே ஓட்டைக்குள்ள அஞ்சு கம்பி போட்டு, அஞ்சையும் ஒண்ணா இழுத்து மூடுறேன். அதான் எல்லாரும் செய்யறது. ஆனா இது அது இல்ல."

கம்பி என்று அவள் சொன்னது நிற்கிற பின்னலை. மாடிப்படிக் கைப்பிடியின் கம்பிகள் போல வரிசையாக நிற்பதால் அந்த ஊர்ப் பெண்கள் அதற்கு வைத்த பேர் அது. ஹுர்ஷித்துக்கு இது ஒன்றும் விளங்கவில்லை. ஆனால் இரண்டு வாரத்தில் அவள் பேசிய மிக நீளமான பேச்சு அதுதான் என்பது விளங்கியது.

"அந்த அக்கா தினமும் உன் வண்டியிலதானே வருது?" என்றாள்.

"வருது. சுகாதார நிலையத்துல மருத்துவச்சி. முபெர்ரான்னு பேரு."

"நல்லாப் பாத்துட்டு வந்து சொல்லு. ஒரு பருப்புக்கு எத்தனை கம்பி, எப்படி மூடியிருக்கு, அடுத்த பருப்பு எத்தனை தள்ளி இருக்கு. அவ்வளவுதான்."

மறுநாள் ஹுர்ஷித் பார்த்தான். பார்த்துவிட்டு வந்து சொன்னான்: "வெள்ளையா இருக்கு."

"அது எனக்குத் தெரியாதா?"

"உருண்டையா இருக்கு."

"கடல்ல போற கப்பலோட பேரை இங்கேருந்தே படிப்பே. ரெண்டடிக்குப் பின்னாடி உக்காந்திருக்கிற ஸ்வெட்டரைப் படிக்க உனக்குக் கண்ணில்லையா? நாளைக்கு ஒழுங்காப் பாரு!"

திட்டு வந்துவிட்டது. ஹுர்ஷித்துக்கு அன்று ராத்திரிச் சாப்பாடு வெல்லமாக இனித்தது.

அடுத்த நாள் முபெர்ரா அவனுக்கு நேர் பின்னால் உட்கார்ந்தார். தலைக்கு மேலிருந்த கண்ணாடியைச் சற்றுத் திருப்பினால் ஸ்வெட்டர் அப்படியே முகத்துக்கு முன்னால் தெரிந்தது. ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணத் தொடங்கினான். நாலாவது கம்பிக்கும் ஐந்தாவது கம்பிக்கும் நடுவே ஒரு நிறுத்தம் போய்விட்டது. கை காட்டிக்கொண்டு நின்றிருந்த கிழவர் ஊன்றுகோலை ஆட்டி ஏதோ கத்தியது பின் கண்ணாடியில் சிறிதாகிக்கொண்டே போனது.

"கேப்டன்!" டிரைவர்களை அங்கே அப்படித்தான் கூப்பிடுவார்கள். முபெர்ராவின் குரல் வண்டி முழுக்க ஒலித்தது. "ரெண்டு நாளா பாத்துக்கிட்டே இருக்கேன், உன் கண்ணு ரோட்டுல இல்ல. என் வயசென்ன, உன் வயசென்ன? இந்த வண்டியில இருக்கிறதுல பாதிப்பேரை இந்தக் கையாலதான் வெளியே இழுத்துப் போட்டேன். உன்னையும் ஓரமா இழுத்துப் போட எனக்கு ரொம்ப நேரம் ஆகாது!"

ஹுர்ஷித் வண்டியை ஓரங்கட்டினான். காது சிவந்து, கழுத்து சிவந்து, எழுந்து திரும்பி நின்றான்.

"அக்கா, சத்தியமா உங்களைப் பாக்கல. ஸ்வெட்டரைத்தான் பார்த்தேன்."

"இது அதைவிட மோசமா இருக்கே!" என்றது பின் சீட்டு. யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

"என் பொண்டாட்டிக்காக, அக்கா. காலொடிஞ்சு கெடக்கிறாளே, நீங்க குடையை வெச்சுக் கட்டுப் போட்டீங்களே, அவதான். அந்தப் பருப்பை எப்படிப் போட்டீங்கன்னு தெரியாம ரெண்டு வாரமா மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிட்டு இருக்கா."

முபெர்ரா புருவத்தை உயர்த்தினார். "அந்தப் பொம்பளையா! ஐயோ, அன்னிக்கு எலும்பை நேராக்கும்போது ஒரு சத்தம் போடல, என் நெஞ்சையே உத்துப் பாத்துக்கிட்டு இருந்தா. மயக்கம் வருது போலன்னு நானும் கன்னத்துல ரெண்டு தட்டுத் தட்டினேன். ஸ்வெட்டரையா பார்த்துக்கிட்டு இருந்தா?"

வண்டி குலுங்கச் சிரித்தது. ஆனால் முபெர்ரா முடியாது என்று தலையை ஆட்டிவிட்டார். "பின்னலோட மாதிரியைக் கொடுக்க மாட்டேன். யாருக்கும் கொடுத்ததில்ல. ட்ராப்ஸோன் ஊர்ல ஒரு பிரசவத்துக்குப் போனப்ப பொண்ணோட மாமியார் இதைப் போட்டுக்கிட்டு உக்காந்திருந்தா. கேட்டேன், உதட்டைப் பிதுக்கினா. பதினொரு மணி நேரம் வலி. புள்ளையையும் வெளியே எடுத்தேன், இந்தப் பின்னலையும் கண்ணாலயே எடுத்துட்டு வந்தேன்."

"அப்ப நீங்களும் திருடுனதுதான்!" என்று ஹுர்ஷித் வாய் தவறிச் சொல்லிவிட்டான்.

இந்தத் தடவை முபெர்ராவாலும் சிரிப்பை அடக்க முடியவில்லை. சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "சரி. உன் பொண்டாட்டிக்குச் சொல்லித் தர மாட்டேன். உனக்குச் சொல்லித் தரேன். நீயே உக்காந்து பின்னு. ஒரு முழு வரிசை நீ பின்னிட்டா அப்புறம் கொண்டுபோய் அவளுக்குக் காட்டு. வேற யாருக்கும் காட்டக் கூடாது."

ஆள் பயந்து ஓடிவிடுவான் என்றுதான் அவர் நினைத்தார். வண்டியில் இருந்த எல்லோரும் அப்படித்தான் நினைத்தார்கள். மறுநாள் காலையில் கிரேசுன் நிலையத்தில் வண்டி வரிசையில் போய் நின்றதும், ஹுர்ஷித் சட்டைப் பையிலிருந்து குரோஷா ஊசியையும், சீட்டுக்கு அடியிலிருந்து ஒரு நூல் உருண்டையையும் எடுத்து முபெர்ராவின் முன்னால் நீட்டினான்.

"சொல்லுங்க அக்கா. என் முறை வர பதினஞ்சு நிமிஷம் இருக்கு."

முபெர்ரா பையைக் கீழே வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

இரண்டு டன் வண்டியைக் கண்ணை மூடிக்கொண்டு சந்துக்குள் திருப்புகிற கை, ஒரு சின்ன ஊசியைப் பிடிக்கத் தடுமாறியது. முதல் நாள் முழுக்க, வளையத்துக்குள் வளையம் கோத்துச் சங்கிலி போடுவதிலேயே போயிற்று. இரண்டாம் நாள் சங்கிலி நூல் கயிறாக முறுக்கிக்கொண்டது. "என்ன இது, நங்கூரம் கட்டவா?" என்றார் முபெர்ரா. "நூலைக் கழுத்தைப் பிடிச்ச மாதிரி பிடிக்காதே. குருவிக் குஞ்சைப் பிடிக்கிற மாதிரி பிடி."

விஷயம் டிரைவர்களிடையே பரவ அரை நாள்கூட ஆகவில்லை. பக்கத்து வண்டி யாகுப் டீத் தம்ளரோடு வந்து சன்னலில் எட்டிப் பார்த்தான்.

"ஹுர்ஷித் அண்ணே, எனக்கு ஒரு சாக்ஸ் போட்டுக் குடேன். பனிக்காலம் வருதுல்ல."

"உன் நாக்குக்கு ஒரு உறை போட்டுத் தரேன், குளிருக்கு இதமா இருக்கும்" என்றான் ஹுர்ஷித், ஊசியை விட்டுக் கண்ணெடுக்காமல். முபெர்ரா அவன் தோளில் ஒரு தட்டுத் தட்டினார். அன்றிலிருந்து அவர் டீயையும் அவன் வண்டியிலேயே குடிக்கத் தொடங்கினார்.

வீட்டில் அவன் மூச்சுவிடவில்லை. "பார்த்தியா?" என்று நதிரே கேட்கும்போதெல்லாம், "பாத்துக்கிட்டு இருக்கேன்" என்று மட்டும் சொன்னான். அது பொய்யும் இல்லை.

ஆறாம் நாள் கம்பி போட வந்துவிட்டது. ஒரே ஓட்டைக்குள் ஐந்து கம்பி. விசிறி விரித்த மாதிரி நின்றன. அவனுக்கே பெருமையாக இருந்தது. "இப்ப அஞ்சையும் சேத்து இழுத்து மூடணும்" என்றான். நதிரே சொன்னது நினைவிருந்தது.

"அங்கதான் எல்லாரும் தப்புப் பண்றாங்க. அப்படி மூடினா படுத்துக்கும். இப்ப ஊசியை வெளியே எடு."

"எதிலிருந்து?"

"அந்தக் கடைசி வளையத்துலேருந்து. அதைச் சும்மா விட்டுடு."

ஹுர்ஷித்தின் கை அப்படியே நின்றுவிட்டது. ஆறு நாளாக அவனுக்குச் சொல்லப்பட்டதெல்லாம் அந்த வளையத்தை விடாதே என்பதுதான். விட்டால் பின்னியதெல்லாம் சரசரவென்று பிரிந்து ஒன்றுமில்லாமல் போகும். இரண்டு தடவை அப்படிப் போயும் இருந்தது.

"பிரிஞ்சிடுமே, அக்கா."

"நீ இழுக்காத வரைக்கும் பிரியாது. கொஞ்ச நேரம் அது பாட்டுக்கு நிக்கும். எடு."

எடுத்தான். வளையம் வாயைத் திறந்தபடி அப்படியே நின்றது. மூச்சு விட்டால்கூடப் பிரிந்துவிடுமோ என்று அவன் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தான். முபெர்ரா காட்டினார்: முதல் கம்பியின் தலைக்குள் ஊசியை விட்டு, விட்டுப்போன வளையத்தைக் கவ்வி, அதன் வழியாகவே இந்தப் பக்கம் இழுக்க வேண்டும். இழுத்தான். ஐந்து கம்பியும் சட்டென்று முதுகை வளைத்துக்கொண்டு, கெட்டியாக, உருண்டையாக, ஓடு உடைத்த ஹேசல் பருப்பாக மேலே எழும்பி நின்றன.

"ஓ!" என்றான் ஹுர்ஷித். கட்டை விரலால் அதைத் தொட்டுப் பார்த்தான், அமுக்கிப் பார்த்தான். அது மறுபடியும் எழுந்தது.

"இப்ப ஒரு சங்கிலி போட்டுப் பூட்டு" என்றார் முபெர்ரா. அவர் குரல் கொஞ்சம் இளகியிருந்தது. "எனக்கே இது சட்டுனு புடிபடல. பிரசவ வீட்டுலேருந்து வந்து மூணு நாள் முட்டிக்கிட்டேன்."

அதற்குள் வரிசையில் அவன் முறை வந்து போயிருந்தது. பின்னாலிருந்த ஐந்து வண்டிகள் ஒரே நேரத்தில் ஹாரன் அடித்தன.

ஒரு வரிசை முடிக்க இன்னும் நாலு நாள் பிடித்தது. பதினொரு பருப்பு. அந்தத் துண்டைச் செய்தித்தாளில் சுற்றிச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனான். நதிரேயின் மடியில் போட்டான்.

அவள் எடுத்தாள். விரலால் தடவினாள். திருப்பிப் பார்த்தாள், வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். "குடுத்துட்டாங்களா? மாதிரித் துண்டா இது?"

"இல்ல. நான் பின்னுனது."

"போடா."

"அட, நான்தான்னு சொல்றேன்."

"இருபத்து நாலு வருஷத்துல ஒரு பட்டன் தெச்சிருக்கியா? நான் தெச்ச பட்டனைப் பிடுங்கித்தானே உனக்குப் பழக்கம்?"

ஹுர்ஷித் அவள் கட்டிலோரம் உட்கார்ந்தான். அவள் கையிலிருந்து ஊசியை வாங்கி ஆரம்பித்தான். அவனுக்கு இதைச் சொல்லத் தெரிந்த பாஷை ஒன்றே ஒன்றுதான்.

"இது ஒரு நிறுத்தம். இங்க அஞ்சு பேர் ஏர்றாங்க. ஒரே நிறுத்தத்துல. புரியுதா? இப்ப டிரைவர் வண்டியை விட்டு இறங்கிடறான். எஞ்சின் ஓடிக்கிட்டே இருக்கு, பயப்படாதே. அப்படியே முன்னாடி போயி முதல்ல ஏறுனவன் பக்கம் கதவைத் திறக்கிறான். அங்கேருந்து கையை நீட்டிக் கடைசி ஆளைப் புடிச்சு உள்ளே இழுக்கிறான். எல்லாரும் நெருக்கிக்கிட்டு நிக்கிறாங்க. கதவைப் பூட்டு. ரைட், போலாம்."

நதிரே அந்தப் பருப்பைப் பார்க்கவில்லை. காய்ப்புக் காய்த்த அவன் விரல்களையும், ஆள்காட்டி விரல் நுனியில் ஊசி குத்திக் குத்திச் சிவந்திருந்த இடத்தையும் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கண் கலங்கிவிட்டது. அதை மறைக்க அவளுக்குத் தெரிந்த வழியும் ஒன்றே ஒன்றுதான்.

"நூலை எவ்வளவு அழுக்குப் பண்ணி வெச்சிருக்கே பாரு! கிரீஸ் கையோட உக்காந்தியா? குடு இப்படி."

வாங்கி, தானே ஒரு பருப்புப் போட்டாள். முதல் தடவை வளையத்தை ஊசியிலிருந்து விட அவளுக்கும் மனசு வரவில்லை. "விடு, பிரியாது" என்றான் ஹுர்ஷித், பத்து வருஷம் பின்னியவன் மாதிரி. விட்டாள். பருப்பு எழுந்தது. நதிரே வாய்விட்டுச் சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கேட்டு மேல் வீட்டு ஃபிக்ரியே என்னவோ ஏதோ என்று படியிறங்கி ஓடி வந்தாள்.

வந்தவள் துண்டைப் பார்த்துவிட்டுத் தனக்கும் காட்டச் சொல்லி நச்சரித்தாள். யார் சொல்லிக் கொடுத்தது என்று கேட்டாள்.

"என் புருஷன்" என்றாள் நதிரே.

"சொல்ல மனசில்லன்னா இல்லன்னு சொல்லேன். எதுக்கு இப்படிப் பொய் சொல்றே?" என்று ஃபிக்ரியே கோபித்துக்கொண்டு படியேறிப் போய்விட்டாள். புருஷனும் பெண்டாட்டியும் ஒருவரையொருவர் பார்த்து வெகு நேரம் சிரித்தார்கள்.

அதன்பின் வந்த வாரங்களில் நதிரே ஒரு போர்வை தொடங்கினாள். ஒரு நாள் அவன் பின்னிய வரிசையையும் தன்னுடையதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நெடுநேரம் பார்த்தாள். அவன் கை முரட்டுக் கை. இழுத்துப் பிடிப்பதால் அவன் பருப்புகள் அவளுடையதைவிடக் கெட்டியாக நின்றன. இதை ஒப்புக்கொள்ள அவளுக்கு இரண்டு நாள் பிடித்தது. மூன்றாம் நாள் அவன் கொண்டுவந்த சூப்புக் கிண்ணத்தை ஓரமாக வைத்துவிட்டு, "பருப்பு வரிசையை நீ போடு, சாதா வரிசையை நான் போடறேன்" என்றாள். "இதை வெளியில சொன்னே, கொன்னுடுவேன்."

மாவுக்கட்டைப் பிரித்த பிறகு, கைத்தடியை ஊன்றிக்கொண்டு நதிரே முதல் தடவையாக அவன் வண்டியில் ஏறினாள். முன் சீட்டைப் பிடித்துக்கொண்டாள். மூன்றாவது நிறுத்தத்தில் முபெர்ரா ஏறினார். ஹுர்ஷித் கண்ணாடி வழியாகப் பார்த்தான். பின்னலைப் பற்றிப் பெரிய பேச்சு நடக்கப்போகிறது, தன் பேர் அடிபடப்போகிறது என்று காதைத் தீட்டிக்கொண்டான்.

"கால் எப்படியிருக்கு?" என்றார் முபெர்ரா.

"தேவல அக்கா. நீங்க தட்டுன கன்னம்தான் இன்னும் வலிக்குது."

அவ்வளவுதான். அதற்குப் பிறகு இரண்டு பேரும் தலையோடு தலை சேர்த்துக்கொண்டு எதைப் பற்றியோ குசுகுசுவென்று பேசினார்கள். முபெர்ராவின் புருஷன் போய்ச் சேர்ந்து நாலு வருஷம் ஆகிறது என்பதும், அவர் தனியாக இருப்பதும், ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வரப்போகிறார் என்பதும் ஹுர்ஷித்துக்குச் சாயங்காலம்தான் தெரிந்தது. அப்போது எஞ்சின் சத்தத்தில் அவன் காதில் ஒரு வார்த்தையும் விழவில்லை. கடைத்தெரு நிறுத்தத்தில் இருவரும் அவனிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் இறங்கிக் கைகோத்தபடி நூல் கடைக்குள் போய்விட்டார்கள்.

ஹுர்ஷித் வண்டியை எடுக்கவில்லை. பயணிகள் சத்தம் போட்டார்கள். ஒருவர் தனக்குக் கோர்ட்டில் வாய்தா இருக்கிறது என்றார். "ரெண்டு நிமிஷம்ணே, கால் சரியில்லாதவ" என்று சொல்லிக்கொண்டே அவன் கடை வாசலைப் பார்த்தான். உள்ளே நதிரே ஒரு நூல் உருண்டையைக் கன்னத்தில் வைத்து அழுத்தி மென்மை பார்த்துக்கொண்டிருந்தாள். முபெர்ரா வேறொன்றை எடுத்து நீட்டினார். நதிரே வேண்டாம் என்று தலையாட்டி, சன்னல் வழியாக அவனைப் பார்த்துக் கையசைத்துக் கூப்பிட்டாள்.

"ஏய், இறங்கி வா! கலரை நீ சொல்லு. பாதி நீதானே பின்னப் போறே!"

வண்டி முழுக்கக் கேட்டது. ஹுர்ஷித் எஞ்சினை அணைத்துவிட்டு இறங்கினான்.